‘இஸ்’ எங்கே போயிற்று?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவில் இலக்கணம் பேசுவது, கல்யாண வீட்டில் கஷாயம் கொடுப்பது போலத்தான். அதுவும் ஆங்கில இலக்கணம். தலைமையாசிரியர் என்னிடம், “ஐயா, பிள்ளைகளுக்கு ஏதாவது பயனுள்ளதாகச் சொல்லுங்கள்” என்றார். நான் வாழ்நாளெல்லாம் கற்பித்தது ஆங்கிலம். எனக்குத் தெரிந்த பயனுள்ள சங்கதி இது ஒன்றுதான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கஷாயத்தில் கருப்பட்டியும் போட்டிருக்கிறேன்.

முதலில் ஒரு சொந்தக் கதை. 1969-ஆம் ஆண்டு. காப்பார் சாலையை ஒட்டிய ஒரு தோட்டத்திலிருந்து பஸ் ஏறி, கிள்ளான் பட்டணத்து ஆங்கிலப் பள்ளி ஒன்றின் புகுமுக வகுப்பிற்கு வந்தேன். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். கால்சட்டை புதிது, சப்பாத்து அண்ணனுடையது. முதல் வாரத்தில் ஆசிரியர் ஒவ்வொருவராக எழுப்பித் தகப்பனார் என்ன வேலை என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் முறை வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ‘மை ஃபாதர் டேப்பர்’ என்றேன். வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார்.

என் அப்பா பால் வெட்டுகிறவர் என்பதற்காகத்தான் சிரிக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த ஆண்டு முழுவதும் ஆங்கில வகுப்பில் நானாக வாய் திறக்கவில்லை. அன்று மாலை அப்பா கேட்டார், “என்னய்யா, பட்டணத்துப் பள்ளியிலே என்ன கேட்டாங்க?” “ஒண்ணும் கேக்கலப்பா” என்றேன். அவர்கள் சிரித்தது அப்பாவின் வேலையைப் பார்த்து அல்ல, நான் விட்டுவிட்ட ஒரு சின்னச் சொல்லுக்காக என்பது வெகுகாலம் கழித்து, நானே ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோதுதான் புரிந்தது. ‘மை ஃபாதர் இஸ் அ டேப்பர்’ என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ‘இஸ்’ஸை நான் விட்டுவிட்டேன்.

சரி, ஏன் விட்டேன்? முட்டாள்தனத்தாலா? இல்லை. எனக்குத் தெரிந்த இரண்டு மொழிகளிலும் அந்த இடத்தில் ஒரு சொல்லும் கிடையாது. ‘என் அப்பா பால்வெட்டுத் தொழிலாளி.’ முடிந்தது வாக்கியம். வினைச்சொல்லே இல்லை, ஆனாலும் குறை ஒன்றும் இல்லை. நம் இலக்கணத்தில் இதற்குப் பெயர்ப் பயனிலை என்று பெயர். மலாயிலும் அப்படித்தான். ‘டியா குரு’ என்றால் ‘அவர் ஆசிரியர்’. பாடநூலில் பெயருக்கு முன்னே ‘இயாலா’ என்றும், பண்புச் சொல்லுக்கு முன்னே ‘அடாலா’ என்றும் போடலாம் என்று படிக்கிறீர்கள். கடைத்தெருவில் பேசும்போது எத்தனை பேர் போடுகிறார்கள்? தமிழும் மலாயும் ஒன்றுபோல நடக்க, மூன்றாவதாக வரும் ஆங்கிலம் மட்டும் ‘இங்கே ஒரு வினைச்சொல் வைத்தே தீரவேண்டும்’ என்று அடம் பிடிக்கிறது. பிள்ளை விடத்தான் செய்யும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் வீட்டுத் தமிழில் எத்தனை ஆங்கிலச் சொற்கள்! ‘சைன் பண்ணு’, ‘பார்க் பண்ணு’, ‘ரிப்போர்ட் பண்ணு’, ‘கட் பண்ணு’. செயலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் எது வந்தாலும் ஒரு ‘பண்ணு’வைப் பின்னால் கட்டி வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம். பெயர்ச்சொற்களைக் கேட்கவே வேண்டாம். பஸ், லோரி, கிளினிக் எல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகள். ஆனால் ‘இஸ்’ஸை யாராவது தமிழுக்குள் கூட்டிவந்ததுண்டா? ‘இஸ் பண்ணு’ என்று கேட்டதுண்டா? அது தனியாக வராது. ஏனென்றால் தனியாக அதற்குப் பொருளே இல்லை. ஆகவே படிக்காத வீட்டிலே பிறந்த பிள்ளைக்கும் பள்ளிக்கு வருமுன்பே செயல் சொற்கள் பத்து இருபது பழகியிருக்கும். ‘இஸ்’ மட்டும் வகுப்பறையில்தான் முதன்முதலாக அறிமுகமாகிறது.

அந்த வகுப்பறையும் நமக்குச் சும்மா கிடைத்ததன்று. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்கவேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளி வந்தது, தமிழ் வந்தது. ஆங்கிலமோ பட்டணத்தில், கட்டணம் கட்டுகிறவர்களுக்கே என்று இருந்தது. 1941-இல் இதே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் வேலை நிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கத் தேவையில்லை என்பதோடும், பிள்ளைகளுக்குச் சரியான கல்வி வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்டார்கள். முன்னின்ற ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். பிறகு 1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை, எல்லாப் பள்ளிகளிலும் மலாயும் ஆங்கிலமும் கட்டாயப் பாடம் என்று வகுத்தது. அப்படி வந்து சேர்ந்த பாடத்தில்தான் நம் பிள்ளை ‘இஸ்’ஸைத் தொலைக்கிறான். தேடிக் கொடுப்போம், வாருங்கள்.

ஆங்கில வினைச்சொற்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்று செயல் வினை. ‘ஆக்ஷன் வெர்ப்’ என்பார்கள். ஓடு, வெட்டு, சமை, எழுது. மற்றொன்று இணைப்பு வினை. ‘லிங்கிங் வெர்ப்’ என்பார்கள். அது எந்த வேலையும் செய்யாது. ஒருவரை அவருடைய பெயரோடோ, தன்மையோடோ இணைத்துக் கட்டும் கயிறு அது. பழைய இலக்கணக்காரர்கள் இதற்கு வைத்த லத்தீன் பெயர் ‘கோப்புலா’. பொருளும் அதுதான்: கட்டு, பிணைப்பு. நாங்கள் படித்த காலத்து ‘ரென் அண்ட் மார்ட்டின்’ இலக்கண நூல் இவற்றை, ‘தானே முற்றுப்பெறாத வினைகள்’ என்ற பொருள்பட ஒரு நீண்ட பெயரால் அழைத்தது. ‘அவர் இஸ்...’ என்று நிறுத்தினால் கேட்பவர் ‘இஸ்... என்ன?’ என்று கேட்பாரல்லவா? அதுதான் முற்றுப்பெறாமை. (அந்த ரென் என்பவர்தான் ‘போ ஜெஸ்ட்’ என்ற பாலைவனப் போர்க் கதையை எழுதியவர் என்று பிறகு அறிந்தேன். இலக்கணத்தையும் அவர் கொஞ்சம் கதைபோல் எழுதியிருக்கலாம்.)

இந்தப் பாகுபாடு வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று எண்ணிவிடாதீர்கள். எழுவாய்க்குப் பின்னே எவையெல்லாம் பயனிலையாக வரலாம் என்று தொல்காப்பியர் ஆறாகப் பிரித்தார். உண்டு என்று சுட்டுவது, ஏவுவது, செயலைச் சொல்வது, கேள்வியாக வருவது, தன்மையைச் சொல்வது, பெயரைச் சொல்வது. செயல் வேறு, தன்மை வேறு, பெயர் வேறு என்று அன்றே வகுத்துவிட்டார். மாடு போயிற்று, மாடு கரியது, அது மாடு. மூன்றும் மூன்று வகை. இதில் செயலை விட்டுவிட்டு, உண்டு, எது, எப்படிப்பட்டது, இன்னது என்ற நான்குக்கும் ஆங்கிலம் பெரும்பாலும் அந்த ஒரே ‘இஸ்’ குடும்பத்தைத்தான் கூப்பிடுகிறது. குடும்பத்தில் எட்டுப் பேர்: ஏம், இஸ், ஆர், வாஸ், வேர், பி, பீன், பீயிங்.

இனி பெற்றோர்களே, உங்களுக்கு வருகிறேன். “எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது சார், நாங்க எப்படிச் சொல்லிக்கொடுப்போம்?” என்று என்னிடம் எத்தனையோ தாய்மார்கள் கேட்டிருக்கிறார்கள். இந்த ஒரு பாடத்திற்கு உங்களுக்கு இங்கிலீஷ் வேண்டாம். தமிழ் போதும்.

பிள்ளை ஒரு வாக்கியம் எழுத உட்காருகிறான். அதைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு, “முன்னாலேன்னு போட்டுச் சொல்லு” என்று கேளுங்கள். அவ்வளவுதான்.

‘அப்பா லோரி டிரைவர்.’ முன்னாலே போட்டால்? ‘முன்னாலே அப்பா லோரி டிரைவரா இருந்தாரு.’ பார்த்தீர்களா, ஒளிந்திருந்த ‘இரு’ வெளியே வந்துவிட்டது! ‘தங்கச்சி கெட்டிக்காரி.’ ‘முன்னாலே தங்கச்சி கெட்டிக்காரியா இருந்தா.’ ‘தண்ணி சூடு.’ ‘முன்னாலே தண்ணி சூடா இருந்துச்சு.’ இப்படி ‘இரு’ தலைகாட்டினால், ஆங்கிலத்தில் இணைப்பு வினை வேண்டும். முன்னாலே என்றால் ‘வாஸ்’, இப்போது என்றால் ‘இஸ்’.

‘தங்கச்சி பாடுறா.’ முன்னாலே போட்டால் ‘தங்கச்சி பாடினா.’ ‘இரு’ வரவில்லை. ஆகவே இது செயல் வினை. ‘இஸ்’ தானாக நுழையக்கூடாது. ‘ஷி சிங்ஸ்’ என்பது போதும்.

ஒரு இடத்தில் மட்டும் ஏமாறக்கூடாது. ‘அப்பா தூங்கிக்கிட்டு இருந்தாரு’ என்பதிலும் ‘இரு’ இருக்கிறது. ஆங்கிலத்திலும் ‘ஃபாதர் வாஸ் ஸ்லீப்பிங்’ என்று ‘வாஸ்’ வருகிறது. ஆனால் இங்கே அது கயிறு அல்ல, கைத்தடி. தூங்குவதற்குத் துணை நிற்கிறது. உண்மையான வினை தூக்கம். ‘டிரைவரா இருந்தாரு’ என்று ‘ஆ’வோடு வந்தால் இணைப்பு. ‘தூங்கிக்கிட்டு இருந்தாரு’ என்று ‘கிட்டு’வோடு வந்தால் துணை. ‘அம்மா பசார்ல இருந்தாங்க’ என்று வெறும் ‘இருந்தாங்க’ வந்தால் அதை எந்தச் சாதியில் சேர்ப்பது என்று இலக்கணக்காரர்கள் சண்டை போடுகிறார்கள்; போடட்டும். ‘இஸ்’ வேண்டும் என்பதில் சண்டை இல்லை.

‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியங்களில் என் சூத்திரம் நொண்டும் என்பதையும் சொல்லிவிடவேண்டும். ‘எனக்கு ரெண்டு தம்பி.’ முன்னாலே போட்டால் ‘இருந்தாங்க’ வருகிறது. ஆனால் ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’. எனக்குப் பசி என்றால் ‘ஐ எம் ஹங்ரி’. எனக்குக் காய்ச்சல் என்றால் ‘ஐ ஹேவ் அ ஃபீவர்’. பசிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று! ‘எனக்கு’ வந்தால் ஆசிரியரைக் கேட்டு மனப்பாடம் செய்வதுதான் வழி.

மறுத்துச் சொல்லும்போதும் இந்த இரகசியம் வெளிப்படும். ‘அவர் ஆசிரியர் அல்ல’ என்கிறோம். ‘அவர் வரவில்லை’ என்கிறோம். மலாயில் ‘டியா புக்கான் குரு’, ஆனால் ‘டியா தீடாக் டாத்தாங்’. ‘அல்ல’வுக்குப் ‘புக்கான்’, ‘இல்லை’க்குத் ‘தீடாக்’ என்று சொல்லி வைத்தாற்போல் இருக்கிறது. பண்புச் சொல் வந்தால் மலாய் ‘தீடாக்’ பக்கம் போய்விடும். அது வேறு கதை. இப்போது பேச்சிலே எல்லாவற்றுக்கும் ‘இல்லை’யே போட்டு, ‘அவரு வாத்தியாரு இல்ல’ என்று சொல்லிவிடுகிறோம். எழுத்திலாவது ‘அல்ல’வைக் காப்பாற்றுங்கள், பிள்ளைகளே. உங்கள் மலாய்ப் பாடத்திற்கும் அது உதவும்.

‘இஸ்’ஸை விட்டுவிடுவது ஒரு நோய் என்றால், மருந்து கொடுத்த பிறகு வரும் நோய் அதைவிட மோசம். ஆசிரியர் ‘இஸ் எங்கே, இஸ் எங்கே’ என்று அதட்டுகிறார். பயந்துபோன பிள்ளை எல்லா வாக்கியத்திலும் ஒரு சிட்டிகை தூவிவிடுகிறது. ‘ஐ எம் கோ டு ஸ்கூல்’, ‘ஐ எம் லைக் மீ கோரேங்’, ‘ஐ எம் நோ த ஆன்சர்’. நானே அப்படி அதட்டிய ஆசிரியன்தான். என் வகுப்பில் அந்த உப்பு கரித்தது என் குற்றமே. ‘இஸ்’ எங்கே வேண்டும் என்று சொன்னேன். எங்கே வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாலைந்து ஆண்டு பிடித்தது. லைக், நோ, திங்க் ஆகியவற்றில் கைகால் அசையவில்லையே, இவை எப்படிச் செயல் என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மனம் செய்வதும் செயலோடு சேர்த்திதான். யோசிக்கிறான், விரும்புகிறான். அங்கே ஒரு வினை ஏற்கெனவே இருக்கிறது, கயிறு எதற்கு?

சரி, இப்போது சுவையான பகுதிக்கு வருகிறேன். சில சொற்கள் இரட்டை வேடக்காரர்கள். காலையில் செயல் வினை, மாலையில் இணைப்பு வினை. டேஸ்ட், ஸ்மெல், லுக், ஃபீல், குரோ, டர்ன். இவர்களை எப்படிப் பிடிப்பது? சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘இஸ்’ஸை வைத்துப் பாருங்கள்.

‘தி கறி டேஸ்ட்ஸ் குட்.’ கறி ருசியாக இருக்கிறது. ‘டேஸ்ட்ஸ்’ஸை எடுத்துவிட்டு ‘தி கறி இஸ் குட்’ என்று சொல்லிப் பாருங்கள். வாக்கியம் நிற்கிறது. ஆகவே இணைப்பு வினை.

‘மதர் டேஸ்ட்ஸ் தி கறி.’ அம்மா கறியை ருசி பார்க்கிறார். ‘இஸ்’ வைத்தால் ‘மதர் இஸ் தி கறி’. அம்மாவே கறியாகிவிட்டார்! ஆகவே செயல் வினை. (இந்த உதாரணத்தைச் சொன்னால் எந்த வகுப்பும் மறப்பதில்லை. அம்மாமார்கள் என்னை மன்னிக்க வேண்டும்.)

இங்கேயும் தமிழ் நமக்குத் தோள் கொடுக்கிறது. ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வேலை வாங்குகிற இடத்தில், தமிழ் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. பூ மணக்கிறது, நான் பூவை முகர்கிறேன். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ‘ஸ்மெல்’தான். பால் திரிந்தது, டிரைவர் பஸ்ஸைத் திருப்பினார். இரண்டும் ‘டர்ன்’. தாத்தாவுக்கு வயதாயிற்று என்பது ‘குரூ ஓல்ட்’. தாத்தா லயத்துக்குப் பின்னால் மிளகாய் பயிரிட்டார் என்பதும் ‘குரூ சில்லிஸ்’. தமிழில் யோசித்தால் எந்த வேடம் என்று உடனே தெரிந்துவிடும். தமிழ் படித்தால் ஆங்கிலம் வராது என்று சிலர் பயமுறுத்துகிறார்களே, அவர்களை இந்த இடத்திற்குக் கூட்டிவாருங்கள்.

வேடம் தெரியாவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். கெடும். இணைப்பு வினைக்குப் பின்னால் வருவது எழுவாயின் தன்மை. செயல் வினைக்குப் பின்னால் வருவது செயல் நடந்த விதமாகவும் இருக்கலாம். ‘தி டாக் ஸ்மெல்ஸ் பேட்’ என்றால் நாய் நாறுகிறது, குளிப்பாட்டவேண்டும். ‘தி டாக் ஸ்மெல்ஸ் பேட்லி’ என்றால் நாய்க்கு மோப்ப சக்தி மட்டம்; காட்டுப்பன்றி வேட்டைக்கு உதவாது. ஒரு ‘லி’ தான் வித்தியாசம். ‘டீச்சர் லுக்ட் ஆங்ரி’ என்றால் ஆசிரியர் கோபமாக இருப்பதுபோல் தெரிந்தார். ‘டீச்சர் லுக்ட் அட் மீ ஆங்ரிலி’ என்றால் என்னைக் கோபமாக முறைத்தார். தேர்வில் இந்த ‘லி’யில் வழுக்கி விழுந்தவர்கள் ஏராளம். இன்னொன்றும் சொல்கிறேன்: கறி தானாக ருசி பார்க்காது என்பதால், ‘தி கறி இஸ் டேஸ்டிங் நைஸ்’ என்று சொல்லாதீர்கள். நம்மவர்கள் அடிக்கடி சொல்வது அது. அம்மா வேண்டுமானால் ‘இஸ் டேஸ்டிங்’.

‘பிகம்’, ‘ஸீம்’ என்ற இரண்டு மட்டும் அநேகமாக எப்போதும் கயிறுகளே. வேடம் மாற்றுவது அபூர்வம்.

ஒருமுறை நான்காம் ஆண்டு வகுப்பில் வினைச்சொல்லை நடித்துக் காட்டும் விளையாட்டு வைத்தேன். ஒருவன் வெட்டினான், ஒருவன் நீந்தினான், ஒருத்தி தோசை சுட்டாள். ‘பிகம்’ என்ற சீட்டு ஒரு கூச்சக்காரப் பையனுக்கு விழுந்தது. அவன் வெகுநேரம் நின்றுவிட்டு, மெதுவாக என் நாற்காலியில் போய் உட்கார்ந்து, என் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டான். ‘ஐ பிகேம் டீச்சர், சார்’ என்றான். ‘அ டீச்சர்’ என்று சொல்லவேண்டும் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். வகுப்பு கை தட்டியது. நானும் தட்டினேன்.

என் அப்பா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் பால் வெட்டிய தோட்டத்தில் இன்று வீடமைப்புப் பகுதி நிற்கிறது. அந்தப் புகுமுக வகுப்புச் சங்கதியை அவரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. இப்போது அவரைப் பற்றிப் பேசும்போது, என் முன்னாலே சோதனைப்படி, தமிழிலும் ‘இரு’ தானாக வந்துவிடுகிறது. ‘அப்பா பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தார்.’ ‘மை ஃபாதர் வாஸ் அ டேப்பர்.’ இன்று இந்த மேடையில், ஒலிபெருக்கியில், முழு வாக்கியமாகச் சொல்லிவிட்டேன்.

நேரமாகிவிட்டது. தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ‘ஹி லுக்ஸ் அட் ஹிஸ் வாட்ச்.’ இந்த ‘லுக்ஸ்’ எந்தச் சாதி என்று சரியாகச் சொல்லும் முதல் ஐந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கதைப் புத்தகம் என் பையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வந்து என்னைப் பாருங்கள். பெற்றோர்களும் சொல்லலாம், தமிழில் சொன்னால் போதும்.